ஆசிட் கொட்டாய்

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகிற சாலையில், லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகள் முடிகிற இடத்தில் மோகன்குமாரின் கம்பெனி இருக்கிறது. முன்னே அது தறிக் குடோன். இப்போது அங்கே பால் பண்ணைகளுக்கும் மருந்துக் கம்பெனிகளுக்கும் எவர்சில்வரில் வால்வும் குழாய் வளைவும் செய்கிறார்கள். லேத்தும் வெல்டிங்கும் முன்பக்கம். பின்னால், காம்பவுண்டு மூலையில், தனியாகத் தகரம் போட்ட ஒரு கொட்டாய். முன்பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். நெடி கண்ணைக் கரிக்கும். அதை ஆசிட் கொட்டாய் என்பார்கள். காளியாத்தாள் பதினோரு வருஷமாக அங்கேதான் வேலை செய்தாள்.

எவர்சில்வருக்குத் துருவே பிடிக்காது என்று வெளியே நினைக்கிறார்கள். கடைசல் உளியும் கிரைண்டர் கல்லும் உரசிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இரும்புப் பொடி ஒட்டிக்கொள்ளும். அப்படியே அனுப்பினால் ஒரே மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளி கிளம்பிவிடும். அதனால் செய்து முடித்த சாமானையெல்லாம் நைட்ரிக் ஆசிட் தொட்டியில் அரை மணி நேரம் முக்கி எடுப்பார்கள். ஒட்டிய இரும்பு கரைந்து போகும். மேலே தோல் மாதிரி மெல்லிசாக ஒரு காப்பு உண்டாகும்.

தொட்டி சுத்தமாக இருக்கிற வரைக்கும்தான் இதெல்லாம். காளியாத்தாளின் வேலை சாமானை முக்கி எடுப்பதைவிட, தொட்டியைக் காவல் காப்பதுதான். இரும்புக் கொக்கியோ கம்பியோ உள்ளே போகக்கூடாது. எல்லாம் பிளாஸ்டிக் கூடை. ஆடி மாதக் காற்றில் பக்கத்துப் பட்டறையில் லாரிப் பலகைக்கு இரும்புச் சட்டம் அறுக்கிற பொடி பறந்து வரும். அந்த மாதம் முழுக்கத் தொட்டிக்கு மூடி போட்டு, மூடிக்கு மேல் ஈரச் சாக்கு விரித்துவைப்பாள். இரும்பைவிட மோசமானது உப்பு. அந்தப் பக்கத்து போர்த் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. அதில் கழுவிய கூடையை ஈரத்தோடு தொட்டியில் இறக்கக்கூடாது. ஃபில்டர் தண்ணீரில் ஒருமுறை அலசித்தான் இறக்க வேண்டும். உப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துவிட்டால், காக்கிற ஆசிட்டே சாமானைத் தின்றுவிடும்.

உப்பு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருந்தது. தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் எடுத்து, பழுப்பு பாட்டிலில் இருக்கிற வெள்ளி மருந்தை அஞ்சு சொட்டு விட வேண்டும். தண்ணீர் மாதிரியே நின்றால் சரி. பாலாகக் கலங்கினால் உப்பு இறங்கிவிட்டது என்று அர்த்தம். திங்கட்கிழமைதோறும் வேலை தொடங்குமுன் இதைச் செய்து, நோட்டில் தேதி போட்டு ஒரு டிக் அடிப்பாள். எட்டாவது வரை படித்தவள். பதினோரு வருஷத்து நோட்டுகள் கொட்டாய் அலமாரியில் அடுக்கியிருந்தன.

அவளுக்குப் பேச்சுத்துணை அங்கம்மாள் ஒருத்திதான். அங்கம்மாள் கொட்டாய்க்கு வெளியே, தண்ணீர்த் தொட்டியடியில் நின்று சாமான் கழுவுவாள். ஆபீசைக் கூட்டுவதும் கக்கூஸ் கழுவுவதும் அவள்தான். அந்த வேலைக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுப்பது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. காளியாத்தாளைவிட அங்கம்மாளுக்கு நாலைந்து வயசு கூட. ஆனாலும் இவளை ‘அம்மணி’ என்றும் ‘நீங்க’ என்றும்தான் சொல்வாள். இவள் ‘அங்கம்மா, வா’ என்பாள். மத்தியானம் காளியாத்தாள் கொட்டாய் வாசற்படியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். குட்டைச் சுவருக்கு அந்தப் பக்கம் அங்கம்மாள். சுவருக்கு மேலே பேச்சு மட்டும் போய் வரும்.

“இன்னிக்கு என்ன கொழம்புங்க?”

“கொள்ளுப் பருப்பு. உனக்கு?”

“தக்காளிதானுங்க. பையனுக்கு அதுதேன் எறங்குது.”

அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவு இல்லாவிட்டால், காளியாத்தாளுக்குக் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரை பேசுவதற்கு ஒரு ஆள் கிடையாது. வீட்டுக்குப் போனாலும் அதேதான். புருஷன் நாச்சிமுத்து ரிக் வண்டியில் போர் போடுகிறவர். இருபத்தி நாலு வருஷமாக ஒரிசா, சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று எங்கெங்கோ பூமியைத் துளைத்துக்கொண்டிருந்தார். வருஷத்துக்கு ஒரு மாதம், மழைக்காலத்தில் வருவார். ஒரே மகள் நித்யஸ்ரீ கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள். ஒரு ஆளுக்கு அரிசி போட்டு, ஒரு ஆளுக்குப் பாய் விரித்து, காளியாத்தாள் பழகியிருந்தாள்.

தை மாதம் ராய்ப்பூர்ப் பக்கத்தில் ஒரு குழாய் நழுவி நாச்சிமுத்துவின் இடுப்பில் அடித்தது. இனி குழாய் தூக்க முடியாது என்று வண்டிக்காரர்கள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். வந்த புதிதில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இரண்டு ஆளுக்கு அரிசி போட்டாள். ஆனால் அவரோடு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. ரிக்கின் இரைச்சலில் கத்திக் கத்திப் பேசிப் பழகியவர், வீட்டுக்குள்ளும் கத்தினார். பிறகு அதை உணர்ந்து பேசாமலிருந்தார். அவள் கம்பெனிக்குப் போன பிறகு ஆளில்லாத வீட்டில் டிவியைப் போட்டுவிட்டு வாசலில் நிற்பார்.

“எந்நேரத்துக்கு வருவ?”

“ஆறாகுமுங்க.”

“நேத்து ஏழாச்சு.”

“கூடை மீந்துபோச்சுங்க.”

இந்தக் கேள்வி தினமும் வந்தது. சித்திரையில் அவர் அவளை டிவிஎஸ் வண்டியில் கொண்டுவந்து விட ஆரம்பித்தார். விட்டுவிட்டுப் போகாமல் கேட்டருகே நின்றார். பிறகு கூடை தூக்கிவைத்தார், வேன் வந்தால் பெட்டி இறக்கினார். மோகன்குமார், “இருந்துட்டுப் போகட்டுமுங்க அக்கா, அண்ணனுக்கும் பொழுது போகோணுமே” என்றான். கொட்டாய்க்குள் மட்டும் அவள் அவரை விடவில்லை. அது ஆபத்து என்பதற்காக மட்டுமில்லை. அந்த ஒரு இடம்தான் அவளுடையதாக இருந்தது.

ஆடி முதல் வாரத்தில் ஒரு சனிக்கிழமை, மல்லசமுத்திரத்தில் அவளுடைய சின்னம்மா இறந்துபோன செய்தி வந்தது. மத்தியானமே கிளம்பினாள். ஆசிட்டில் முக்காத கூடை இரண்டு மிச்சமிருந்தன. வெல்டிங் செய்த வளைவுகள், ஓரமெல்லாம் பழுப்புக் கறை.

“திங்கக்கெழம பார்த்துக்கறேன். அன்னிக்கு லேட்டாத்தான் ஆகும்” என்று அங்கம்மாளிடம் சொன்னாள். கூடை நகர்த்திக்கொண்டிருந்த நாச்சிமுத்து அதைக் கேட்டார். எளவுக்கு அவர் வரவில்லை, இடுப்புக்கு அவ்வளவு தூரம் பஸ் ஆகாது. அவள் ஞாயிறு பொழுது சாயத்தான் திரும்பினாள். அவர் சாப்பிட்டுப் படுத்திருந்தார்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனி வாசலில் வேன் நின்றது. மருந்துக் கம்பெனிக்குப் போக வேண்டிய வால்வுகள், நூற்றுக்கு மேல். பத்து மணிக்குள் ஏற்ற வேண்டும்.

மோகன்குமார் கொட்டாய் வாசலுக்கே வந்தான். “அக்கா, வண்டி நிக்குதுங்க. வெரசா எறக்கிப் போடுங்க.”

“டெஸ்ட்டு ஒண்ணு பார்த்துக்கறேன் தம்பி.”

“போன வாரம் பார்த்ததுதானுங்களே.”

அவள் பழுப்பு பாட்டிலை எடுத்தாள். திரும்ப வைத்தாள். வால்வுக் கூடைகள் இரண்டையும் தொட்டியில் இறக்கினாள். சனிக்கிழமை மிச்சம் வைத்த கூடைகளை அவசரத்தில் திரும்பிப் பார்க்கவில்லை. பதினோரு வருஷத்தில் அவள் மூக்கு மரத்துப்போயிருந்தது, நெடியில் வித்தியாசம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை.

அரை மணி கழித்துத் தூக்கிய முதல் கூடையில் வால்வுகள் கறுத்திருந்தன. புகைந்த சட்டி மாதிரி ஒரு கறுப்பு. கையுறையோடு ஒன்றை எடுத்து அலசினாள். கறுப்பு போகவில்லை. விரலால் தடவியபோது வழுவழுப்பு இல்லை, மணல்தாள் மாதிரி சொரசொரத்தது. மேல்தோலே போய்விட்டது. அவசரமாக இரண்டாவது கூடையைத் தூக்கினாள். அதுவும்.

அப்புறம்தான் கண்ணாடிக் குழாயை எடுத்தாள். முதல் சொட்டு விழுந்ததுமே பாலாகிவிட்டது.

மோகன்குமார் கறுத்த வால்வைக் கையில் உருட்டி உருட்டிப் பார்த்தான். அவன் சத்தம் போடுகிறவன் இல்லை. “எப்படீங்க்கா இது?”

“உப்பு எறங்கிருக்குதுங்க தம்பி. கொஞ்சநஞ்சமில்ல. யாரோ ஊத்தின மாதிரி இருக்குது.”

“யாரு ஊத்தறது?”

கொட்டாய்க்குப் பின்னால், தகரத்தை ஒட்டி, கக்கூஸ் கழுவுகிற ஆசிட் கேன் கிடந்தது. அஞ்சு லிட்டர் கேன், காலி. மோகன்குமார்தான் அதைப் பார்த்தான். அந்தக் கேன் அங்கம்மாளின் துடைப்பத்தோடு அவள் மூலையில் இருக்க வேண்டியது. அதில் இருப்பது வேறு ஆசிட், உப்பிலிருந்து எடுப்பது, அது தொட்டிக்கு ஆகாது என்று அவனுக்கும் தெரியும், காளியாத்தாளுக்கும் தெரியும்.

அங்கம்மாளைக் கூப்பிட்டார்கள். சேலையைச் செருகியபடி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“இது இங்க எப்படி வந்துச்சு?”

“தெரீலீங்க சாமி. சனிக்கெழம நான் மூலையிலதானுங்க வெச்சேன்.”

“நீதான வெச்சிருக்கற, நீதான எடுக்கற. கக்கூஸுக்கு ஊத்தற கேனு தொட்டிகிட்ட எப்படி வருது?”

“நான் தொட்டிகிட்டயே போனதில்லீங்க சாமி. அம்மணியக் கேளுங்க.”

எல்லோரும் காளியாத்தாளைப் பார்த்தார்கள். அங்கம்மாள் தொட்டிக்கு அருகே போனதில்லை என்பது உண்மை. காளியாத்தாள் அதைச் சொன்னாள். “அவ உள்ள வரமாட்டா தம்பி.” ஆனால் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் காளியாத்தாள் அங்கே இல்லை. டெஸ்ட் பார்க்காமல் இறக்கியதை அவள் சொல்லவில்லை. அதை யாரும் இன்னும் கேட்கவில்லை.

“நாளைலிருந்து வர வேண்டாம்” என்றான் மோகன்குமார். அங்கம்மாள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். பிறகு சுவரோரம் வைத்திருந்த தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு, காற்றுக்கு முந்தானையைத் தலையில் போட்டு, கேட்டைத் தாண்டிப் போனாள். கேட்டில் நின்ற நாச்சிமுத்து அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

அன்று சாயங்காலம் காளியாத்தாள் அரிசியும் பருப்பும் போட்டுச் சோறாக்கினாள். வேறெதுவும் செய்யத் தெம்பில்லை. இரண்டு தட்டில் போட்டு நெய் ஊற்றினாள். நாச்சிமுத்து பிசைந்து சாப்பிட்டார். அவர் விரல்நுனிகள் மஞ்சளாக இருந்தன. சோற்று மஞ்சள் என்று நினைத்தாள். சாப்பிட்டு எழுந்து, வெளியே போய், சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்து துண்டில் துடைத்தார். அப்போதும் மஞ்சளாகவே இருந்தன. மூன்று விரல், கட்டைவிரல், நகக்கண் வரை.

அந்த மஞ்சளை அவளுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த மாதம் கிழிந்த கையுறையில் அவளுக்கும் பட்டிருக்கிறது. தோல் உரிகிற வரை போகாது. கக்கூஸ் ஆசிட்டில் அது வராது. தொட்டி ஆசிட்டில்தான் வரும்.

“கையக் காட்டுங்க” என்றாள்.

அவர் காட்டவில்லை. துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

“சனிக்கெழம தொட்டில கைய உட்டீங்களா?”

“கூடைல ஒண்ணு நழுவிருச்சு. எடுத்தேன்.”

“என்ன கூடை?”

துண்டைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னார். “நீ திங்கக்கெழம லேட்டாகுமுன்ன. ரெண்டு கூடைதான கெடந்துது. அங்கம்மா சோறு திங்கப் போயிருந்தா. ரிக்குல நாங்க குழாய் மரையில துரு ஏறுனா அந்தக் கக்கூஸ் ஆசிட்டுலதான் கழுவுவோம். பளிச்சுன்னு ஆயிரும். ஒரு பக்கெட்டுல ஊத்தி முக்கி எடுத்தேன். நெம்ப நல்லா வந்துச்சு. அப்பறம் உன்ர தொட்டிலயும் ஒரு முக்கு முக்கினேன்.”

“பக்கெட்டுல மீந்தது?”

“ஆசிட்டுத்தான, வீணாப் போகுதேன்னு தொட்டிலயே ஊத்திட்டேன்.”

அவள் தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வெளியே காற்று தகரக் கதவை அடித்து அடித்துச் சாத்தியது.

“சாயங்காலம் வெரசா வந்தீன்னா ரெண்டு பேரும் எங்காச்சும் போலாமுன்னு இருந்தேன்” என்றார்.

“எங்கீங்க?”

“எங்காச்சும். செங்கோட்டுக்கு. ஒரு காப்பி குடிச்சுட்டு வரலாமுன்னு.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. காளியாத்தாளால் கோபப்பட முடியவில்லை. கோபம் வந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

“தம்பிகிட்ட நாளைக்குச் சொல்லிருங்க. நீங்களே” என்றாள்.

“சொல்லறேன்.”

மறுநாள் அவர் கேட்டருகில் நின்றார், மோகன்குமார் கார் வந்தது, போனது. அவர் சொல்லவில்லை. புதனும் சொல்லவில்லை. காளியாத்தாள் கேட்கவும் இல்லை. கெட்டுப்போன தொட்டியை அவள் காலி செய்ய வேண்டியிருந்தது. ஐநூறு லிட்டர். பிளாஸ்டிக் டிரம்முக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, சுண்ணாம்புப் பாலைச் சேர்த்துச் சேர்த்துக் கிளற வேண்டும். வேகமாக ஊற்றினால் பொங்கி முகத்தில் தெறிக்கும். ஒரு சொம்பு ஊற்றி, நுரை அடங்குகிற வரைக்கும் நின்று, காகிதத் துண்டை முக்கி நிறம் பார்த்து, மறுபடி ஒரு சொம்பு. முகமூடிக்குள் வியர்வை வாயில் இறங்கியது. அடங்கிய பிறகு அடியில் பச்சையும் பழுப்புமாகச் சேறு நிற்கும். அதை வழித்து வேறு டிரம்மில் மூடிவைத்தால், கழிவு வண்டி வந்து எடுத்துப்போகும். இந்த வேலைக்கு எப்போதும் அங்கம்மாள் வெளியே நின்று சுண்ணாம்பு கரைத்துக் கொடுப்பாள். இப்போது கரைப்பதும் ஊற்றுவதும் இவளே. இரண்டு நாள் ஆயிற்று. மத்தியானம் வாசற்படியில் உட்கார்ந்து போசியைத் திறந்து, இரண்டு வாய் தின்றுவிட்டு மூடினாள்.

சொல்லிவிடுவது பற்றி அவள் நினைக்காத நேரமில்லை. நினைக்கும்போதெல்லாம் புருஷனின் முகம் மட்டும் குறுக்கே வரவில்லை. டெஸ்ட் பார்க்காமல் இறக்கியவள் யார் என்ற கேள்வியும் வந்தது. அங்கம்மாள் பேர் இருக்கிற வரை அந்தக் கேள்வி எழாது. இது தனக்கும் சௌகரியமாக இருக்கிறது என்பதை, சுண்ணாம்பு கிளறிக்கொண்டிருந்தபோது, அவள் தனக்குத்தானே ஒப்புக்கொண்டாள்.

வியாழக்கிழமை காலை, டீ குடித்துக்கொண்டிருந்தபோது நாச்சிமுத்து கேட்டார்.

“அவளுக்கு வேற எங்காச்சும் வேல கெடச்சுருக்குமில்ல?”

“யாருக்குங்க?”

“அந்த அங்கம்மாளுக்கு. கக்கூஸ் கழுவறதுக்கு எங்கியும் ஆளு கேக்கறாங்க.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எல்லாம் தானாகச் சரியாகிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் சொன்னார். காளியாத்தாள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். இவர் சொல்லப்போவதில்லை என்று அப்போது தெரிந்துவிட்டது. அப்படியும் அன்று முழுக்க அவள் வாய் திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில்தான் ஆபீஸ் அறைக்குப் போனாள்.

மோகன்குமார் கம்ப்யூட்டரில் ஏதோ அடித்துக்கொண்டிருந்தான். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். எளவுக்குப் போனது, இரண்டு கூடை, பக்கெட், மஞ்சள் விரல். கடைசியில், “திங்கக்கெழம நான் டெஸ்ட்டு பாக்கல தம்பி. பாத்திருந்தா ஒரு சாமான் கெட்டிருக்காது” என்றாள்.

அவன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான். “நான்தான் அவசரப்படுத்தினேன்.”

“நீங்க ஆயிரஞ் சொல்லுவீங்க. தொட்டி என்ரதுதானுங்க.”

“சரி உடுங்க. அண்ணன இனி உள்ள உடாதீங்க. அந்தம்மாவ வரச் சொல்லிருங்க.”

அவள் போகவில்லை. “மருந்துக் கம்பெனிக்காரங்க காரணம் எழுதிக் கேட்டாங்கன்னு சொன்னீங்களே, என்ன எழுதுனீங்க?”

“அது அன்னிக்கே போயிருச்சுங்க்கா.”

“என்ன எழுதுனீங்கன்னு படிங்க.”

அவன் கொஞ்சம் தயங்கி, திரையில் தேடி எடுத்து, தமிழில் சொன்னான். துப்புரவுப் பணியாளர் அங்கம்மாள் கவனக்குறைவாகக் கழிப்பறை அமிலத்தைத் தொட்டியில் கலந்துவிட்டார். அவர் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

“பேரு போட்டிருக்குதுங்களா?”

“ஆடிட்டுக்கு வந்தா பேரு கேப்பாங்க.”

“அத அழிச்சுட்டு வேற அனுப்புங்க.”

“வேறன்னா? உங்க பேரையா போடறது?”

“ஆமாங்க. காளியாத்தா டெஸ்ட்டு பாக்காம எறக்கிட்டா, அவ ஊட்டுக்காரரு தெரியாம ஊத்திட்டாருன்னு போடுங்க. நடந்தது அதுதானுங்களே.”

“அக்கா, இது ஒரு பேப்பருங்க. அங்க யாரும் அவங்களத் தேடி வரப்போறதில்ல.”

“பேப்பருதான். அதுல அவ பேரு இருக்க வேண்டாம்.”

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலிக்கு எதிரே அவள் இவ்வளவு நேரம் நின்றதில்லை. கடைசியில், பயிற்சி இல்லாத வெளியாள் தொட்டியைக் கையாண்டதாகவும், வாராந்திரச் சோதனை தவறியதாகவும் மாற்றி அடித்தான். சோதனைப் பொறுப்பாளர் காளியாத்தாள் என்று போட்டான். முழுக்கப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டு, அனுப்புகிற வரை நின்றுவிட்டு, அவள் கொட்டாய்க்குத் திரும்பினாள்.

“சொல்லிட்டேனுங்க” என்றாள் அன்று சாயங்காலம்.

“செரி” என்றார் நாச்சிமுத்து. அதற்கப்புறம் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நெடுநேரம் ரமேஷ்குமாரோடு பேசுவது கேட்டது. ரமேஷ்குமார் ரிக் வண்டி மேனேஜர்.

சனிக்கிழமை காலை அவர் பையில் துணி மடித்துக்கொண்டிருந்தார். “நாக்பூருக்கு அக்கட்ட வண்டி நிக்குதாம். சமையலுக்கு ஆளில்லாமக் கெடக்கறாங்க.”

“இடுப்ப வெச்சுட்டு எப்படீங்க?”

“ஒக்காந்து வெங்காயந்தான நறுக்கோணும்.”

அவள் வேலைக்குப் போகும் வழியில் பஸ் ஸ்டாப் வரை அவரோடு நடந்தாள். டிவிஎஸ் வண்டியைக் கல்லை முட்டுக்கொடுத்து வீட்டுக்குள் நிறுத்தியிருந்தார். சேலம் பஸ் தூரத்தில் தெரிந்ததும் பையைத் தோளில் மாட்டினார்.

“என்னய ஒரு வார்த்த கோவிச்சிருக்கலாம் நீ” என்றார்.

பஸ் வந்தது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படியேறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காளியாத்தாள் அங்கம்மாளின் வீட்டைத் தேடிப் போனாள். இரண்டு ஸ்டாப்தான். பதினோரு வருஷத்தில் அவள் அங்கே இறங்கியதில்லை. பெட்ரோல் பங்குக்குப் பின்னால் தெரு. கேட்டதும் ஒரு பெண்பிள்ளை கூடவே நடந்து வந்து காட்டியது. அங்கம்மாள் வாசலில் கொடி கட்டி நீலநிறக் கோட்டு ஒன்றைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கோழிப்பண்ணையில் கொடுக்கிற கோட்டு.

“வாங்க அம்மணி” என்றாள். முகத்தில் ஆச்சரியமும் இல்லை, வெறுப்பும் இல்லை. உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டாள். காளியாத்தாள் உட்கார்ந்தாள். வாங்கி வந்த ஆப்பிள் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

“அது எங்க ஊட்டுக்காரரு செஞ்ச வேல” என்றாள். “வெவரமில்லாம ஊத்திட்டாரு. தம்பிகிட்டச் சொல்லிட்டேன். பேப்பருல உன்ர பேரு இருந்துது, அதையும் அழிக்க வெச்சுட்டேன். நாளைலிருந்து வா.”

அங்கம்மாள் கோட்டின் கையை நீவி நேராக்கினாள். “மொதலாளி சொன்னாருங்களா?”

“ஆமா.”

“அவரு வல்லீங்களா?”

“இல்ல.”

“முட்டைப் பண்ணைல சேந்துட்டேனுங்க. காலைல ஆறு மணிக்கு வேன் வருது. தட்டுல முட்டை அடுக்கற வேல. நாத்தம் மட்டுந்தேன். பழகிருமுங்க.”

“இங்க வந்தா பழைய வேலை. நீ கக்கூஸ் கழுவ வேண்டாமுன்னு நான் சொல்லறேன் தம்பிகிட்ட.”

அங்கம்மாள் சிரித்தாள். சத்தமில்லாத சிரிப்பு. கொடிக்கு அந்தப் பக்கம் நின்றபடி கேட்டாள்.

“அவருதான்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?”

காளியாத்தாளுக்கு ஒரு பொய் வாய்க்குள் தயாராக இருந்தது. வியாழக்கிழமை என்று சொல்லலாம். யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்.

“அன்னிக்குச் சாயங்காலமே” என்றாள்.

“என்னய அனுப்புன அன்னிக்கா?”

“ஆமா.”

அங்கம்மாள் தலையை ஆட்டினாள். தெருவில் ஒரு ஆள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனான், அவள் அவனை ஏதோ விசாரித்தாள், அவன் பதில் சொல்லிவிட்டுப் போனான். அவன் போன பிறகுதான் மறுபடி பேசினாள்.

“என்ர பையன் கேட்டானுங்க, ‘நீ ஊத்தினயாம்மா’ன்னு. இல்லடா சாமின்னேன். அவம் பொஞ்சாதி கேட்டா. பக்கத்தூட்டுல கேட்டாங்க. எல்லாருங் கேக்கக் கேக்க, புதங்கெழமையாட்ட எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க. ஒருவேள நான்தான் கேன எடுத்தனோ, மறந்துட்டனோன்னு. அன்னிக்கு என்னென்ன செஞ்சேன்னு மொதல்லேர்ந்து ஒண்ணொண்ணா நெனச்சு நெனச்சுப் பாத்தேன். அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது.”

காளியாத்தாள் மடியிலிருந்த ஆப்பிள் பையின் வாயைச் சுருட்டினாள்.

“அதுக்குத்தேன் கேட்டேன். வேறொண்ணுமில்லீங்க.” அங்கம்மாள் காலி பக்கெட்டைக் கவிழ்த்துவைத்தாள். “பன்னெண்டரை பஸ்ஸ உட்டீங்கன்னா அப்பறம் ரெண்டு மணிக்குத்தானுங்க. வெயில்ல நிக்காதீங்க.”

ஆப்பிள் பையை நாற்காலியில் வைத்துவிட்டுக் காளியாத்தாள் எழுந்தாள். அங்கம்மாள் அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துக்கொள்ளவும் இல்லை.

ஸ்டாப்பில் யாருமில்லை. காற்று சாலையோரத்து மண்ணை வாரி லாரிகளின் மேல் கொட்டிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. நாச்சிமுத்து. ரயில் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. கத்திப் பேசினார்.

“ரயிலு பல்லார்ஷா வந்துருச்சு, அடுத்தது நாக்பூருதான். நீ எங்க இருக்கற?”

“அங்கம்மா ஊட்டுக்கு வந்தேனுங்க.”

“என்ன சொன்னா?”

“வர மாட்டேங்கறா.”

“என்னயத் திட்டினாளா?”

“இல்லீங்க.” அவள் முந்தானையால் வாயை மூடி மண்ணைத் தடுத்துக்கொண்டு சொன்னாள். “அவளே ஊத்திருப்பாளோன்னு அவளுக்கே சந்தேகம் வந்துருச்சாமா. ஒக்காந்து நெனச்சு நெனச்சுப் பாத்தாளாமா.”

ரயில் ஒரு பாலத்தின் மேல் ஏறியது போல, சத்தம் மாறி, பெரிதாகி, மறுபடி தணிந்தது. போனை வைத்துவிட்டாரோ என்று எடுத்துப் பார்த்தாள். திரையில் நிமிஷம் ஓடிக்கொண்டிருந்தது. திரும்பக் காதில் வைத்துக்கொண்டாள். அவர் மூச்சு விடுவது கேட்டது. பன்னிரண்டரை பஸ் வந்து, அவள் கை காட்டாததால் கொஞ்சம் வேகம் குறைத்துவிட்டு, நிற்காமல் போனது. இரண்டு பேரில் யாரும் போனை வைக்கவில்லை.